சொன்னபடி கட்டம்

எங்கள் வரைபடத்தில் அந்தச் சதுரம் காலியாக இருந்தது. அதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

மணி பத்து நாற்பது. மூன்று மணிக்குக் கூட்டம். தூத்துக்குடித் துறைமுகத்துக்குத் தெற்கே ஒரு தனியார் நிறுவனம் நிலக்கரி இறக்கத் தளம் கட்டப் போகிறது. அதற்காகக் கடலடியைத் தோண்டுவார்கள், தோண்டிய மண்ணை எங்கேயாவது கொண்டுபோய்க் கொட்டியாக வேண்டும். இங்கே கொட்டுகிறோம் என்று கடலில் ஒரு சதுரம் குறித்துக் கொடுத்திருந்தார்கள். அந்தச் சதுரத்துக்குள் ஏதாவது உயிரினம் பதிவாகியிருக்கிறதா என்று பார்த்து நிபுணர் குழு இன்று முடிவு சொல்லும். குழு பார்ப்பது எங்கள் மையத்தின் தகவல் தளத்தை. எந்த உயிரை, எங்கே, என்றைக்கு, யார் பார்த்தார்கள் என்று பட்டியல் வைத்திருப்பதுதான் எங்கள் பிழைப்பு. பட்டியலில் இல்லையென்றால் குழுவுக்கு அது கடலிலும் இல்லை. தாராளமாகக் கொட்டலாம்.

ஆனால் அந்தச் சதுரத்துக்குள் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். மூன்று வருடத்துக்கு முன்னால் ஆறு மாத காலம் சங்குகுளி டிக்சனின் வள்ளத்தில் அங்கே போய் வந்தவள் நான். ஐந்து பாகம் ஆழத்தில், அதாவது ஆள் உயரத்தைப் போல ஐந்து மடங்குக்குக் கீழே, மைதானம் மாதிரி கடற்புல் விரிந்து கிடக்கிறது. புல்லுக்குள் சங்கு, கடற்குதிரை, கடலட்டை, ஓரத்துப் பாறையில் முத்துச்சிப்பி. டிக்சனும் அவருடைய ஆட்கள் ஆறு பேரும் அந்தப் புல்லை நம்பித்தான் அடுப்பு மூட்டுகிறார்கள். அவர்கள் குளித்து எடுத்து வந்து காட்டியதையெல்லாம் நான் எழுதினேன். நானூற்றுப் பன்னிரண்டு பதிவுகள். அத்தனையும் எங்கே போயின?

தேடிப் பிடிக்க இருபது நிமிடம் ஆயிற்று. வரைபடத்தைத் தெற்கே நகர்த்திக்கொண்டே போனேன். திருச்செந்தூர் தாண்டியது, குலசை தாண்டியது. மணப்பாட்டுக்கு எதிரே, கரையிலிருந்து நாலு கிலோமீட்டரில், என் நானூற்றுப் பன்னிரண்டு புள்ளிகளும் கூட்டமாக உட்கார்ந்திருந்தன. மணப்பாட்டுக் கடலில் நான் கால் நனைத்ததுகூடக் கிடையாது.

முதல் பதிவைத் திறந்தேன். அட்சரேகை 8.38650. தீர்க்கரேகை 78.10300. அந்த எண்ணைப் பார்த்ததும் டிக்சனின் குரல் காதில் கேட்டது. வள்ளத்தின் பின்பக்கம் நின்றுகொண்டு, ஜி.பி.எஸ். செட்டைப் பார்த்து, இன்ஜின் சத்தத்துக்கு மேலே கத்துவார். "முப்பத்தெட்டு, அறுநூத்தி அம்பது. பத்து, முந்நூறு." கடல்காரர்கள் யாரும் டிகிரியைச் சொல்ல மாட்டார்கள். இந்தக் கடலில் அது எப்போதும் எட்டும் எழுபத்தெட்டும்தான், அதை எதற்குத் தினமும் சொல்ல வேண்டும்? அவர் சொன்னது எட்டு டிகிரி, முப்பத்தெட்டு மினிட், அதற்கும் மேல் மினிட்டில் ஆயிரத்தில் அறுநூற்றைம்பது பங்கு. நான் எட்டுக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வைத்து, முப்பத்தெட்டையும் அறுநூற்றைம்பதையும் அப்படியே ஒட்டிவிட்டேன்.

ஒரு மணிக்கு அறுபது நிமிடம் போல ஒரு டிகிரிக்கு அறுபது மினிட். எட்டு முப்பது என்றால் எட்டரை என்று கடிகாரம் பார்க்கத் தெரிந்த குழந்தை சொல்லும். எட்டரையை 8.5 என்று எழுத வேண்டும், 8.30 என்று எழுதக் கூடாது. புவித் தகவலியலில் முதுகலைப் பட்டம் வாங்கிய மர்வா, அதாவது நான், அதைத்தான் எழுதியிருக்கிறேன். கடலில் வாந்தி எடுத்துவிட்டு வந்து, தலை சுற்றச் சுற்ற, ஒரே நாளில் தட்டிமுடிக்க வேண்டும் என்ற அவசரத்தில். மரக்கலம் ஓட்டிய காயல்பட்டினத்துக் குடும்பத்தில் பிறந்தவளுக்கு வள்ளத்தில் ஏறினால் குடல் வாய்க்கு வருகிறது என்று என் வீட்டிலேயே சிரிப்பார்கள். இதைக் கேட்டால் அவர்கள்கூடச் சிரிக்க மாட்டார்கள்.

நிலத்தில் போய் விழுந்திருந்தால் அன்றைக்கே மாட்டியிருப்பேன். கடலட்டை ஸ்ரீவைகுண்டத்து வயலில் நின்றால் கணினியே சிவப்பு விளக்குப் போட்டிருக்கும். என் கெட்ட நேரம், அது கடலில் விழுந்து தொலைத்தது.

உயிரினத் தகவலை உலகம் முழுக்க ஒரே மாதிரி எழுத ஒரு பொது முறை இருக்கிறது. இன்ன தகவலுக்கு இன்ன கட்டம் என்று ஏற்படுத்தி வைத்திருக்கிறார்கள். அட்சரேகைக்கு ஒன்று, தீர்க்கரேகைக்கு ஒன்று, இடம் எத்தனை மீட்டர் முன்பின் இருக்கலாம் என்பதற்கு ஒன்று. அதில் ஒரு கட்டத்தை நாங்கள் அலுவலகத்தில் 'சொன்னபடி' கட்டம் என்போம். இடத்தைச் சொன்னவர் எந்த வார்த்தையில், எந்த எண்ணில் சொன்னாரோ, அதை ஒரு எழுத்து மாற்றாமல் அதில் எழுத வேண்டும். பிற்காலத்தில் யாராவது கணக்கில் தப்புப் பண்ணினால் திரும்பிப் பார்க்க அதுதான் வழி. என் பதிவுகளில் அந்தக் கட்டத்தைப் பார்த்தேன். 8.38650, 78.10300. பக்கத்துக் கட்டத்திலிருந்து எடுத்து, நானூற்றுப் பன்னிரண்டுக்கும் ஒரே இழுப்பில் ஒட்டியிருக்கிறேன். காலியாக விட்டிருந்தாலாவது சோம்பேறி என்று சொல்லலாம். இது பொய்.

தாணுலிங்கம் சார் அறைக்குப் போனேன். அவர் எங்கள் மையத்தின் தலைவர், நாகர்கோவில்காரர், கோபம் வந்தால் குரலைத் தாழ்த்துகிறவர். அவர் தலைக்கு மேலே சட்டம் போட்டு ஒரு சான்றிதழ் தொங்குகிறது. எங்கள் தகவல்கள் உலகத் தர முறைப்படி இருக்கின்றன என்று அதில் எழுதியிருக்கிறது. என் நானூற்றுப் பன்னிரண்டும் அந்தச் சோதனையில் தேறியவைதான். எல்லாக் கட்டமும் நிரம்பியிருக்கிறதா, டிக். எண் எண்ணாக இருக்கிறதா, டிக். கடல் உயிர் கடலில் இருக்கிறதா, டிக்.

நடந்ததை மறைக்காமல் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"மத்தியானம் கூட்டத்தை வச்சுக்கிட்டு, காலைல நானூத்திப் பன்னெண்டு புள்ளி முப்பது கிலோமீட்டர் நடந்து வந்து சதுரத்துக்குள்ள உக்காந்தா யாரும்மா நம்புவா? நாமளே தூக்கி வச்சோம்னு சொல்லுவாங்க. அவரு சொன்னது இதுதான்னு காட்ட என்ன இருக்கு உன்கிட்ட?"

வள்ளத்தில் எழுதிய நோட்டு இருக்கிறது என்றேன். எங்கே என்றார். அது தெரியாது.

இரும்பு அலமாரியில் நாலு தட்டையும் கீழே இறக்கினேன். பழைய பேனர்கள், உடைந்த அளவு நாடாக்கள், யாரோ திறக்காமலே வைத்துவிட்டுப் போன ஒரு உடன்குடிக் கருப்பட்டிப் பெட்டி. கடைசித் தட்டில் அடியில் கிடந்தது நோட்டு. உப்புத் தண்ணீர் பட்டு அட்டை உப்பியிருந்தது. முதல் பக்கத்தில் என் கோணல் கையெழுத்து: '38 650 / 10 300. 5 பாகம். புல். சங்கு 3.' அதைப் பார்த்ததும் அழுகை வந்தது. அழ நேரமில்லை.

மினிட்டை அறுபதால் வகுத்து எல்லாவற்றையும் மாற்றினேன். பன்னிரண்டேகாலுக்குப் புள்ளிகளை வரைபடத்தில் ஏற்றினேன். மணப்பாட்டிலிருந்து கிளம்பி, குலசை தாண்டி, திருச்செந்தூர் தாண்டி, என் காயல்பட்டினமும் தாண்டி வடக்கே வந்தன. வந்து, தாமிரபரணி கடலில் கலக்கும் புன்னக்காயலுக்கு எதிரே நின்றுவிட்டன. சதுரத்துக்குத் தெற்கே ஒன்றரைக் கிலோமீட்டர். ஒரு புள்ளிகூட உள்ளே போகவில்லை.

தாணுலிங்கம் சார் நெடுமூச்சு விட்டார். அது நிம்மதி மூச்சுதான், நான் கவனித்தேன். பிழை இருந்தது, திருத்திவிட்டோம், சதுரம் காலிதான் என்று குழுவுக்கு ஒரு வரி எழுதிவிடலாம் என்றார். மானம் தப்பியது என்று அவர் நினைத்திருக்க வேண்டும். நான் வாயைத் திறப்பதற்குள் அந்த வரைபடத்தையும் சேர்த்து அனுப்பிவிட்டார்.

எனக்கு ஒப்பவில்லை. ஆற்று முகத்தில் ஒவ்வொரு மழைக்கும் சேறு வந்து இறங்கும், அங்கே புல் எப்படி அந்த மாதிரி விரியும்? அதோடு, வாந்தி எடுக்கிறவள் தலையைத் தூக்கும்போது கரையைத்தான் பார்ப்பாள். கரையைப் பார்த்தால் தலைசுற்றல் குறையும் என்று டிக்சன் சொல்லிக் கொடுத்திருந்தார். நான் ஆறு மாதம் பார்த்தது அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிகளை. அவை ஒன்றன்பின் ஒன்றாக மறைந்து ஒரே கம்பமாகத் தெரியும் இடத்தில்தான் அவர் நங்கூரம் போடுவார். ஆற்று முகத்துக்கு எதிரே நின்றால் அவை தனித்தனியாகத்தான் தெரியும். அப்படியென்றால் நோட்டில் இருக்கும் எண்ணே தப்பு. நான் காதால் கேட்டு, கையால் எழுதிய எண்.

டிக்சனை அழைத்தேன். தொடர்பு எல்லைக்கு வெளியே. கடலில் இருப்பார். ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு திரேஸ்புரம் கரைக்குப் போனேன்.

வள்ளங்கள் ஒன்றொன்றாக வந்துகொண்டிருந்தன. ஒன்று பத்து. ஒன்று இருபது. ஒவ்வொரு இன்ஜின் சத்தத்துக்கும் எழுந்து எழுந்து பார்த்தேன். ஐஸ் பெட்டிமேல் உட்கார்ந்திருந்த பெண் யாரைத் தேடுகிறேன் என்று கேட்டாள். டிக்சன் என்றதும், இன்றைக்கு நேரமாகும், தூரம் போயிருக்கிறார் என்று அலட்சியமாகச் சொல்லிவிட்டு மீனைத் திருப்பிப் போட்டாள். அவள்மேல் எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஒன்று முப்பத்தைந்துக்கு நீல வள்ளம் கரை தொட்டது.

டிக்சனுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். பேச்சு குறைவு. தலைப்பாகைத் துண்டை அவிழ்த்து முகம் துடைத்துக்கொண்டே, என்ன தங்கச்சி, இந்த வெயிலில் என்றார். நான் நலம் விசாரிக்கவில்லை. போனில் சதுரத்தைக் காட்டி, மூன்று மணிக்கு என்ன நடக்கப் போகிறது என்று சொன்னேன். அவர் கையிலிருந்த சங்குப் பை மணலில் இறங்கியது. வெகுநேரம் திரையையே பார்த்தார்.

"அண்ணே, நீங்க எனக்குச் சொன்ன நம்பர் நெசமான நம்பரா?"

அவர் வள்ளத்திலிருந்த ஆட்களைத் திரும்பிப் பார்த்தார்.

"ரெண்டு கொறச்சுச் சொன்னேன்" என்றார்.

அவர் சொல்லச் சொல்லத்தான் புரிந்தது. கடலில் வயர்லெஸில் பேசுவதை எல்லா வள்ளமும் கேட்கும். சங்கு கிடக்கும் இடத்தை எவனும் உள்ளபடி சொல்ல மாட்டான். ஒவ்வொரு வள்ளத்துக்கும் ஒரு ரகசியக் கணக்கு உண்டு, அதைக் கழிவு என்பார்கள். ஒரு வள்ளம் மூன்று கூட்டிச் சொல்லும், இன்னொன்று ஒன்று குறைத்துச் சொல்லும். டிக்சன் வள்ளத்துக்கு இரண்டு மினிட் குறைவு, முதல் எண்ணில் மட்டும். அந்த எண்ணில் ஒரு மினிட் என்பது ஒரு கடல் மைல். அவருடைய ஆட்களுக்கு மட்டும் அது தெரியும். திரையில் நாற்பது என்று இருந்தால் வாயில் முப்பத்தெட்டு என்றுதான் வருமாம். பதினான்கு வருடப் பழக்கம், மாதா கோயிலில் நின்று கேட்டாலும் இரண்டு குறைந்துதான் வரும் என்றார்.

"நான் என்ன ஒங்களுக்குப் போட்டியா சங்கு குளிக்க வந்தவளா?" என்று கத்திவிட்டேன். ஐஸ் பெட்டிக்காரி திரும்பிப் பார்த்தாள்.

"நீங்க இல்ல. நீங்க எழுதுறத ஊரு ஒலகமெல்லாம் பாக்கும்னு நீங்கதான சொன்னிய."

சொன்னதுண்டு. பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்.

செட்டை எடுத்துக்கொண்டு கூட்டத்துக்கு வாருங்கள் என்று கேட்டேன். அதில் அவர் குறித்து வைத்த இடங்கள் தேதியோடு இருக்கும், அதைவிடப் பெரிய சாட்சி கிடையாது. அவர் மாட்டேன் என்று தலையாட்டினார். செட்டைத் திறந்து காட்டினால் பதினான்கு வருடமும் போய்விடும், ஏழு வீட்டுச் சோறு அது என்றார். காட்டாவிட்டால் மண்ணைக் கொட்டி மூடிவிடுவார்களே என்றேன். மூடட்டும், வேறு இடம் பார்த்துக்கொள்கிறோம் என்று சொன்னார். அந்த மாதிரி வேறு இடம் இல்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

பதிவு எங்கள் தளத்தில் மங்கலாகத்தான் இருக்கும் என்றேன். அதற்கும் எங்கள் முறையில் வழி இருக்கிறது. களவு போகக்கூடிய உயிர் என்றால் சரியான இடத்தை உள்ளே வைத்துக்கொண்டு, வெளியே பத்துக் கிலோமீட்டர் கட்டமாகத்தான் காட்டுவோம். குழுவைத் தவிர ஒருவர் கண்ணிலும் முழு எண் படாது.

"சத்தியமா?"

"அல்லாவுக்குப் பொதுவாச் சொல்லுதேன் அண்ணே."

அவர் வள்ளத்தில் ஏறிச் செட்டைக் கழற்றினார். அது ஓட வேண்டுமானால் பேட்டரியும் வேண்டும் என்று அதையும் ஒரு கட்டைப்பையில் வைத்துக்கொண்டு, ஈர லுங்கியோடு என் ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்தார். இரண்டு பத்து.

கூட்ட அறை வாசலில் மடிக்கணினியைத் திறந்து, அவர் செட்டைப் பார்த்து எண்களை வாசிக்க வாசிக்கச் சரிபார்த்தேன். இந்தத் தடவை நானும் திரையை எட்டிப் பார்த்துக்கொண்டேன். நாற்பது, அறுநூற்றைம்பது. நோட்டிலிருந்த ஒவ்வொரு முதல் எண்ணுக்கும் இரண்டு கூடியது. புள்ளிகள் வடக்கே நகர்ந்து சதுரத்துக்குள் போய் நிறைந்தன. இரண்டு ஐம்பத்திரண்டுக்குத் திருத்திய அட்டவணையைக் குழுவுக்கு அனுப்பினேன். அவசரம், எப்போதும் போல.

தாணுலிங்கம் சார் எங்களைப் பார்த்தார், பையைப் பார்த்தார், ஒன்றும் கேட்காமல் ஒரு நாற்காலி நகர்த்திப் போட்டார். அதற்காக அவரை நான் பல விஷயங்களில் மன்னித்துவிட்டேன்.

நிறுவனத்தின் தரப்பில் வரைபட வேலை பார்ப்பவள் பானுப்ரியா. கெட்டிக்காரி. திரையில் மூன்று வரைபடங்களை வரிசையாக வைத்தாள். காலையில் தளத்தில் இருந்தது, மதியம் எங்கள் மையத்திலிருந்து சார் அனுப்பியது, இப்போது வந்தது.

"ஒரே புல்லு, ஒரே நாள்ல மூணு எடத்துல இருக்கு. மணப்பாடு, புன்னக்காயல், இப்ப சரியா எங்க சதுரத்துக்குள்ள. நாங்க எதை நம்பணும்?"

கேள்வியில் தப்பில்லை. அவள் இடத்தில் நானாக இருந்தாலும் அதையேதான் கேட்டிருப்பேன். எழுந்து நின்றேன். முதல் தப்பு என்னுடையது என்றேன். மினிட்டை டிகிரியாக எழுதினேன், சொன்னபடி எழுத வேண்டிய கட்டத்தில் சொல்லாததை ஒட்டினேன், மூன்று வருடம் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. சான்றிதழ் வாங்கிய தகவலில் இது நடந்திருக்கிறது. நோட்டை மேசையில் வைத்தேன். தாணுலிங்கம் சார் தலையைக் குனிந்துகொண்டார்.

இரண்டாவது தப்பை யார் சொல்வது என்று நான் தயங்கியபோது டிக்சன் எழுந்தார். கழிவைப் பற்றி இரண்டே வாக்கியத்தில் சொன்னார். பையிலிருந்து பேட்டரியை எடுத்து மேசைமேல் வைத்து, வயரைச் செருகி, செட்டைப் போட்டார். பதினான்கு வருடத்துக் குறிகள் சின்னத் திரையில் ஒவ்வொன்றாக எழுந்தன.

பானுப்ரியா எழுந்து வந்தாள். தானே பார்க்க வேண்டும் என்றாள். குறிகளுக்குப் பக்கத்தில் இருந்த தேதிகளைப் படித்தாள். பூமியை அளக்க எந்த அளவுமுறையை வைத்திருக்கிறது இந்தச் செட்டு என்று கேட்டாள். அது வேறாக இருந்தால் புள்ளி சில நூறு மீட்டர் தள்ளி விழும். டிக்சனுக்குப் புரியவில்லை, வாங்கின நாளில் இருந்த மாதிரியே இருக்கிறது என்றார். அவளே பொத்தானை அழுத்தி உள்ளே போய்ப் பார்த்தாள். எங்கள் தளத்தில் இருக்கும் அதே முறைதான். பிறகு எட்டு எண்களைத் தன் கணினியில் தானே தட்டினாள்.

"உள்ளதான் விழுது" என்றாள். அவள் முகத்தில் தோல்வி எதுவும் இல்லை. கணக்கு சரியாக வந்தவளின் முகம்தான்.

முக்குளிப்பவர்கள் இறங்கிப் பார்த்து உறுதிசெய்யும் வரை அந்தச் சதுரத்தை நிறுத்தி வைப்பதாகக் குழுத் தலைவர் அறிவித்தார். ஒன்பதாவது நாள் இறங்கிப் பார்த்தார்கள். புல் இருந்தது. சதுரத்தை ரத்து செய்து, கொட்டும் இடத்தை ஆழ்கடலுக்குத் தள்ளினார்கள். எங்கள் சான்றிதழ் சுவரிலிருந்து இறங்கியது. எனக்கு ஒரு விளக்கக் கடிதம் கேட்டு வந்தது, எழுதிக் கொடுத்தேன். சதுரம் ரத்தான அன்று சாயங்காலம் டிக்சன் வீட்டுக்கு மக்ரூன் வாங்கிக்கொண்டு போனேன். எல்லோரும் சிரித்துப் பேசினோம். அந்தச் சந்தோஷம் எனக்கு நாலு நாள் நீடித்தது.

ஐந்தாம் நாள் டிக்சன் அலுவலகத்துக்கே வந்தார். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. போனை நீட்டினார். கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பு. பதினொரு பக்கம், கடைசி மூன்று பக்கம் இணைப்பு. நான் இரண்டு ஐம்பத்திரண்டுக்கு அனுப்பிய அட்டவணை. முழு எண்கள். தளத்தில் மங்கலாக்கியிருந்தேன், சொன்ன சொல்லைக் காப்பாற்றியிருந்தேன். குழுவுக்கு அனுப்பியதில் 'வெளியிடத் தக்கதல்ல' என்று ஒரு வரி போட மறந்துவிட்டேன். குறிப்பு எல்லோருக்கும் பொது ஆவணம். யாரோ மூன்று பக்கத்தை மட்டும் வாட்ஸ்அப்பில் ஏற்றி, கரை முழுக்கச் சுற்றிவிட்டிருந்தார்கள்.

"இன்னைக்கு அங்கன பத்தொம்பது வள்ளம் நின்னுச்சு, மேடம்."

தங்கச்சி என்று கூப்பிடுகிறவர் மேடம் என்றார். செவிட்டில் ஒன்று வைத்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது. இரண்டு வாரத்தில் அங்கே கையளவுச் சங்குகூட மிஞ்சாது என்று எனக்குத் தெரியும். நான் மன்னிப்புக் கேட்டேன். புல்லு இருக்கிறதே, சங்கு மறுபடியும் வரும் என்று உளறினேன். அவர் போனைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் போனார். மண்ணிடமிருந்து அந்த இடத்தைக் காப்பாற்றி மனிதர்களிடம் கொடுத்துவிட்டேன். இரண்டும் என் கையால்தான் நடந்தது.

அதன் பிறகு நான் பல தடவை அழைத்தேன், அவர் எடுக்கவில்லை. திரேஸ்புரத்துக்கு ஒரு முறை போனேன். நீல வள்ளம் இல்லை. தூரம் போகிறார்கள், திரும்ப நாலு மணி ஆகிறது என்று ஐஸ் பெட்டிக்காரி சொன்னாள். இந்தத் தடவை அவள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை.

ஒன்றரை மாதம் கழித்து, ஒரு புதன்கிழமை மதியம், அவர் பெயர் என் போனில் எழும்பியது. பின்னால் இன்ஜின் சத்தம். சிக்னல் விட்டு விட்டு வந்தது.

"புதுசா ஒரு எடம் மேடம். கடக்குதிர நெறயக் கெடக்கு, நான் இதுவரை கண்டதில்ல. நாளைக்கு எவனாவது மண்ணக் கொண்டாந்து கொட்டுவான். எழுதிக்கோங்க."

பேனாவைத் தேடினேன். "சொல்லுங்க."

"முப்பத்தொண்ணு, இருநூத்திப் பத்து. பதிமூணு, எழுநூறு."

முதல் வேலையாகச் 'சொன்னபடி' கட்டத்தில் எழுதினேன். டிகிரி போடவில்லை, புள்ளி போடவில்லை. அவர் வாயில் வந்த மாதிரியே, எழுத்தால்: முப்பத்தொண்ணு, இருநூத்திப் பத்து. பதிமூணு, எழுநூறு. அப்புறம்தான் அறுபதால் வகுத்தேன், இரண்டு தடவை.

இது குறைத்துச் சொன்னதா, உள்ளபடி சொன்னதா? கேள்வி நாக்கு நுனிவரை வந்தது. கேட்டால் சொல்லியிருப்பார் என்றுதான் நினைக்கிறேன். நான் கேட்கவில்லை. இடம் எத்தனை மீட்டர் முன்பின் இருக்கலாம் என்ற கட்டத்துக்குப் போனேன். ஜி.பி.எஸ். செட்டு என்றால் நாங்கள் வழக்கமாக முப்பது என்று போடுவோம். முப்பதை அழித்துவிட்டு வேறொரு எண்ணைப் போட்டேன்.

"அண்ணே, எழுதிட்டேன். மூவாயிரத்து எழுநூறு மீட்டர் முன்னப்பின்ன இருக்கலாம்னு போட்டுருக்கேன். இந்தக் குறிப்பு எங்க போனாலும் அப்படித்தான் போவும்."

மறுமுனையில் இன்ஜின் சத்தம் மட்டும் கேட்டது. தொடர்பு அறுந்துவிட்டதோ என்று காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். அறுந்திருக்கவில்லை.

"மைல்ல சொன்னா எத்தன?"

"ரெண்டு."



"அப்பம் சரி, தங்கச்சி" என்றார்.